வாய் நிறையச் சமாதானம்

அல்லிக்கரை அரசர் அதிவீரகண்டர் கட்டிய கல்விச்சாலைக்கு நாலு தேசத்தில் பேர். அங்கே படிப்பு எவ்வளவு நடந்ததோ, சண்டை அதைவிட ஒரு பிடி கூடவே நடந்தது. படித்தவர்கள் அல்லவா, மேற்கோள் காட்டி அடித்துக்கொண்டார்கள். அரசர் யோசித்துக் கல்விச்சாலைக்குள்ளேயே 'மனத்தாங்கல் மண்டபம்' என்று ஒன்றைக் கட்டினார். யாருக்கு யார்மேல் வருத்தம் இருந்தாலும் அங்கே போய் மனம்விட்டுப் பேசலாம். அதற்குத் தலைவர் சாந்தமூர்த்திப் பண்டிதர்.

பண்டிதர் நல்ல கெட்டிக்காரர். முறையிட வருகிறவரை வாசலிலேயே வரவேற்பார். பன்னீர் தெளிப்பார், சந்தனம் கொடுப்பார். வந்தவர் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் தம் கையாலேயே மடித்த வெற்றிலைச் சுருள் ஒன்றை நீட்டுவார். சுருளா அது? கொழுக்கட்டை அளவு இருக்கும். பெரியவர் கொடுத்ததை மறுக்கக் கூடாது. போட்டுக்கொண்டால், வாயில் சாற்றோடு பெரியவர் முன்னால் பேசக் கூடாது. துப்பலாம் என்றால் அது அரசர் கட்டிய மண்டபம். கன்னம் உப்ப உட்கார்ந்திருப்பவரிடம் பண்டிதர் பொறுமையின் பெருமையைப் பேசி, முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். தாம்பூலம் வாங்கினால் சம்மதம் என்பது நாட்டு வழக்கம். கல்யாணமே அப்படித்தானே நிச்சயமாகிறது? ஆகவே, 'இன்றைய மனத்தாங்கலும் சமாதானத்தில் முடிந்தது' என்று அரண்மனைக்குச் செய்தி போகும்.

அரசருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பண்டிதருக்குப் பொற்காப்பும் பல்லக்கும் கொடுக்க நாள் குறித்துவிட்டார்.

அதற்கு முதல் நாள், அரசரின் ஆலோசகர் தெள்ளியப்பரைத் தேடி ஒரு மாணவி வந்தாள். பெயர் நங்கை, ஓடக்காரர் மகள். தர்க்க வகுப்பில் அவள் பதில் சொன்னால் ஆசிரியர் காதில் விழுவதில்லை. அதே பதிலைப் பின்னாலிருந்து மந்திரி மகன் திருப்பிச் சொன்னால், "பேஷ், பேஷ்" என்பார். ஓடக்கார வீட்டுப் பெண்ணுக்குத் தர்க்கம் எதற்கு என்பது அவர் எண்ணம். நங்கை மண்டபத்துக்குப் போனாள். பண்டிதர் சுருளை நீட்டினார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழுந்தது. பெரியவரை அவமதித்தவள், அமைதியைக் குலைத்தவள் என்று பண்டிதர் புகார் செய்தார். மறுநாள் சபையில் அவளைக் கல்விச்சாலையிலிருந்து நீக்க அரசர் முத்திரை வைக்கப்போகிறார்.

"துடுப்புப் பிடித்த கைதான் ஐயா. திரும்பிப் போய்ப் பிடிக்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் நான் என்ன சொல்ல வந்தேன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே" என்றாள் நங்கை.

தெள்ளியப்பர் முழுவதையும் கேட்டார். நாளைக்குச் சபைக்கு வந்து சும்மா நின்றால் போதும் என்று சொல்லி அவளை அனுப்பினார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பண்டிதர் பட்டில் மின்னினார். அரசர் பொற்காப்பைக் கையில் எடுத்தபோது தெள்ளியப்பர் எழுந்தார். ஊருக்கெல்லாம் தாம்பூலம் கொடுத்த கைக்கு அரசர் கையால் ஒரு தாம்பூலம் கிடைக்க வேண்டாமா என்று கேட்டார். பண்டிதர் மடிக்கும் அதே அளவில் சுருளும் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அரசர் மகிழ்ந்து நீட்டினார். மறுக்க முடியுமா? பண்டிதர் வாயில் போட்டு மென்றார். கன்னம் இரண்டும் உப்பின.

தெள்ளியப்பர் கைகட்டி நின்றார். "அரசே, பண்டிதரின் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல. பொற்காப்பும் பல்லக்கும் தமக்கு வேண்டாமாம். இந்த நங்கைக்கே கொடுத்துவிடச் சம்மதிக்கிறார்."

பண்டிதருக்கு விழி பிதுங்கியது. இரண்டு கையையும் ஆட்டினார். தலையை ஆட்டினார். "ம்ம், ம்ம்" என்றார்.

"அவர் மறுப்பதுபோல் அல்லவா தெரிகிறது?" என்றார் அரசர்.

"மண்டபத்திலும் இப்படித்தான் அரசே, எல்லாரும் கையை ஆட்டினார்கள். தாம்பூலம் வாங்கிவிட்ட பிறகு மறுப்பு ஏது? சமாதானம் என்றுதானே தங்களுக்குச் செய்தி வந்தது."

பல்லக்கு நங்கையின் பக்கம் நகர்வதைக் கண்டதும் பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. சாறும் சக்கையுமாக மொத்தத்தையும் விழுங்கினார். இருமினார், புரையேறித் தவித்தார். "என்னை ஒரு வார்த்தை பேசவிடாமல் இவர்களே முடிவு செய்தால் எப்படி? இது என்ன நியாயம் அரசே?" என்று அலறினார்.

அரசர் பண்டிதரைப் பார்த்தார், நங்கையைப் பார்த்தார், தம் விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"நீ என்னம்மா சொல்ல வந்தாய்? இப்போது சொல்" என்றார்.

நங்கை வாய் திறந்ததுதான் தாமதம், தர்க்க ஆசிரியர் குறுக்கே விழுந்தார். அந்தப் பெண் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று ஆரம்பித்தார்.

"அவருக்கு ஒரு சுருள் கொடுங்கள்" என்றார் அரசர்.

ஆசிரியர் வெற்றிலையை மெல்ல மெல்ல, நங்கை முழுவதையும் சொல்லி முடித்தாள். நீக்கும் ஓலை கிழிந்தது. பல்லக்கு வந்த வழியே கொட்டகைக்குப் போனது. மண்டபத்தில் இனி முறையிடுகிறவர் பேசி முடிக்கும்வரை எதிராளிதான் வெற்றிலை மெல்ல வேண்டும் என்று அரசர் ஆணையிட்டார். மறுநாளே வகுப்பில் நங்கை சொன்ன பதில் ஆசிரியருக்கு முதல் தடவையிலேயே கேட்டது. காதுக்கு வெற்றிலை அவ்வளவு நல்ல மருந்து.

அன்று சபை கலையுமுன் அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தெள்ளியப்பரே, உமக்குப் பெரிய பரிசு ஒன்று தரப்போகிறேன். முதலில் இதைப் பிடியும்" என்று வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

தெள்ளியப்பர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"பரிசு என்னவென்று சொல்லிவிடுங்கள் அரசே. வாய் காலியாக இருக்கும்போதே கேட்டுக்கொள்கிறேன்."