கூட்டு ரோட்டில் நின்ற வண்டி

வழி சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்மணி இருந்தார். பெயர் சௌந்தரம். ஆம்புலன்ஸ் டிரைவர்களின் போனில் வழி காட்டும் படத்தை வரைந்து தருகிறவர். அவரிடம் தொழில் கற்க வந்த அரியநாதன் வயதில் மூத்தவர். நிலம் அளந்தே தலை நரைத்தவர். ஆனாலும் அவருக்கு இவர் டீச்சர். இவருக்கு அவர் அண்ணன்.

போன வாரம், அரியநாதன் வரைந்த கூட்டு ரோட்டில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றுவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண். போன் மாற்றி மாற்றித் திரும்பச் சொன்னதில் டிரைவர் குழம்பி, இறங்கிப்போய்ப் பெட்ரோல் பங்க்கில் வழி கேட்டாராம். குழந்தை பிழைத்தது. தாய் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அரியநாதனுக்குத் தூக்கம் இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் படத்தைத் திருத்தாவிட்டால் அதை இனித் தொடமாட்டோம் என்று டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"படத்துல எவ்வளவுதான் காட்டணும் டீச்சர்?"

சௌந்தரம் கார் சாவியை அவர் கையில் கொடுத்தார்.

அவர் ஓட்டினார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் இருந்ததை ஒன்று விடாமல் வாசித்தார். போகும் பாதைக்கு ஒரு கோடு, வரும் பாதைக்கு ஒரு கோடு என்று அரியநாதன் பிரித்துப் பிரித்து வரைந்திருந்தார். கோடு கோட்டை வெட்டிய இடமெல்லாம் ஒரு சந்திப்பாகிவிட்டது. சௌந்தரம் வலது என்றார், உடனே நேர் என்றார், மறுபடி வலது, இடது ஓரம் என்றார். கார் நட்டநடுவில் நின்றது.

பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "பெருசு, நடுரோட்டுல கோலமா போடுறே?"

அரியநாதன் காரை ஓரங்கட்டினார். எல்லாக் கோட்டையும் அழித்து, கூட்டு ரோட்டை ஒரே புள்ளியாக்கினார். மறுபடி சுற்றி வந்தார்கள். புள்ளி வந்ததும் சௌந்தரம் வலது என்றார். அவர் திருப்பினார். எதிரே ரோட்டை இரண்டாகப் பிரிக்கும் தடுப்புச் சுவர். பிரேக் போட்டதில் இருவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"கூட்டினாலும் தப்பு. குறைச்சாலும் தப்பு."

அரியநாதன் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். சௌந்தரம், இன்னொரு சுற்று போகலாம் என்றார்.

இந்த முறை லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பங்க் போனது. சிக்னல் போனது. வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "சுவர் முடிஞ்சதும் சோத்தாங்கைப் பக்கம்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது.

"நடுவுல ஒண்ணுமே சொல்லலையே டீச்சர்."

"எங்கேயாவது சந்தேகம் வந்துச்சா?"

"வரலை."

அரியநாதன் லேப்டாப்பை வாங்கிச் சுவரை வரைந்தார். அது முடியும் இடத்தில் ஒரு திருப்பம். அதோடு விரல் நின்றது. படம் மொட்டையாகத் தெரிந்தது.

"ஏதாவது ஒண்ணை விட்டுட்டு, நாளைக்கு இன்னொரு வண்டி நின்னுட்டா?"

சௌந்தரம் ஆஸ்பத்திரியின் மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் நின்ன வண்டிக்கு நீங்க ஒண்ணையும் விடலையே, அண்ணே."