மேலாக ஊற்று

ஒரு வீட்டில் ஒரு பிடி துவரம்பருப்பு இருந்தது. மாதக் கடைசியில் டப்பாவில் மிஞ்சிய கடைசிப் பிடி அது.

வீட்டுக்காரர் தணிகாசலம் நகராட்சித் தண்ணீர் லாரி டிரைவர். அரசாங்கச் சம்பளம், அவருக்கென்ன குறை என்று தெருவே சொல்லும். அந்தச் சம்பளம் வந்ததும் வீட்டுக்கடனும் மகளின் காலேஜ் ஃபீஸும் முதல் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகும். அடுப்படிக்கு எப்போதும் கடைசிப் பந்திதான்.

அன்று மாலை பருப்பு குழைய வெந்து, சாம்பாரின் அடியில் போய் உட்கார்ந்தது. அதற்கு ஒரே ஆசை. யார் தட்டிலாவது விழுந்து பசியாற்ற வேண்டும்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"எனக்கு மேலாக ஊத்து செண்பகம். வயிறு மந்தமா இருக்கு," என்றார் தணிகாசலம்.

"எனக்கும் மேலாப்புல போதும்மா. பருப்பு சாப்பிட்டா தூக்கம் வருது," என்றாள் மகள் இலக்கியா.

பருப்புக்கு முகம் வாடிவிட்டது. சாம்பாரில் இறங்கிய கரண்டியைக் கூப்பிட்டது.

"அண்ணே, என்னை இவங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? மாசம் பொறந்த புதுசுல இதே மனுஷன்தான், அடியோட கிண்டி ஊத்துன்னு அதட்டினார்."

"இப்ப மட்டும் ஏன்?"

"நீ ஒரு பிடிதானே இருக்கே. அப்பா மகளுக்காக விடுறார். மக அம்மாவுக்காக விடுறா. அம்மா ரெண்டு பேருக்காகவும் விடுவா. நேத்தும் இதே கூத்து. ஃப்ரிட்ஜ் வேற ரிப்பேர். விடிஞ்சு பார்த்தா ஊசிப் போச்சு. வழிச்சுக் கொட்டுறப்ப செண்பகம் அழுதுட்டா."

"அப்போ நானும் சாக்கடைக்குத்தானா?"

பிடித்த கைக்குக் கட்டுப்பட்டே பழகிய கரண்டி அது. தன் இஷ்டத்துக்கு ஒருநாளும் அசைந்ததில்லை. அன்றைக்கு அசைந்தது. செண்பகத்தின் விரலிலிருந்து நழுவி, அடிவரை போய், ஒரு சுழற்று சுழற்றியது. சாம்பார் முழுக்க மஞ்சளாகக் கலங்கிவிட்டது. இனி மேல் எது, அடி எது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்று தட்டிலும் கெட்டியாக விழுந்தது.

"மந்தம்னு சொன்னேனே," என்றார் தணிகாசலம்.

"கரண்டி நழுவிடுச்சுங்க. நான் என்ன பண்ண?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிசைந்து சாப்பிட்டார்கள். பருப்புக்கு மனசு நிறைந்து போயிற்று.

கடைசியில் செண்பகம் சாம்பார்ச் சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டு, பக்கமெல்லாம் வழித்துப் பிசைந்தாள். ஒரே ஓர் உருண்டை வந்தது.

"இது யாருக்கு?"

"எனக்கு," என்று அப்பாவும் மகளும் ஒன்றாகக் கையை நீட்டினார்கள்.

செண்பகம் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.