ஒன்பதாவது கிழங்கு

“வர்றதையெல்லாம் அடிக்கிறேன் மேடம். ஆனாலும் கப்பல் மூழ்கிடுது.”

மருதாசலம் சொன்னதைக் கேட்டு நீலவேணி சிரிக்கவில்லை.

போர்க்கப்பலில் ஏவுகணைத் திரைக்கு முன்னால் உட்காருகிற வேலை மருதாசலத்துக்கு. கப்பலை நோக்கி எதிரியின் ஏவுகணை வந்தால், நம்முடையதை அனுப்பி வானத்திலேயே அதை உடைக்க வேண்டும். கையில் இருப்பது எட்டுதான். திரையில் நடந்த இரண்டு ஒத்திகையிலும் எட்டையும் விட்டுத் தீர்த்தார். இரண்டு தடவையும் ஒன்பதாவதாக வந்தது கப்பலை முடித்துவிட்டது.

நாளைக் காலை மூன்றாவது ஒத்திகை. அதிலும் தோற்றால் நாற்காலி வேறு ஆளுக்கு. பதினாறு வருஷம் ஆசைப்பட்டு உட்கார்ந்த நாற்காலி.

நீலவேணிதான் பயிற்சி தருகிறவள். அவரைவிடப் பத்து வயது சின்னவள்.

“மேல்தளத்துக்கு வாங்கண்ணே,” என்றாள்.

போகிற வழியில் சமையலறைக்குள் நுழைந்து ஒரு கூடை உருளைக்கிழங்கைத் தூக்கிக்கொண்டாள். சமையல்காரர் சந்தியாகு பின்னாலேயே ஓடி வந்தார்.

“குருமாவுக்கு வெச்சது தாயி. கடல்ல போட்டுடாதீங்க.”

“நீங்களும் சேர்ந்து எறிங்க. அண்ணன் எட்டுதான் பிடிக்கலாம். ஒண்ணும் மேல படக்கூடாது.”

இரண்டு பேரும் எறிந்தார்கள். இடப்பக்கம் ஒன்று பறந்தது, தாவிப் பிடித்தார். வலப்பக்கம் ஒன்று, விழுந்து பிடித்தார். தலைக்கு மேலே போனதைக்கூட எகிறிப் பிடித்தார். எட்டும் தீர்ந்தது.

ஒன்பதாவது நெஞ்சில் பட்டது.

“நல்லாத்தான் ஆடுறாரு,” என்றார் சந்தியாகு. “கல்யாண வீட்டுல விட்டா கூட்டம் சேரும்.”

“மறுபடியும்,” என்றாள் நீலவேணி.

மறுபடியும் நெஞ்சில்தான் பட்டது. அதே இடம்.

மூன்றாவது சுற்றில் அவருக்குக் கை ஓய்ந்துபோனது. சும்மா நின்றார். கிழங்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் விழுந்தன. சந்தியாகு முனகிக்கொண்டே பொறுக்கினார்.

திடீரென்று மருதாசலத்தின் கை எழுந்தது. ஒன்றைப் பிடித்தது.

“அதை மட்டும் ஏண்ணே பிடிச்சீங்க?”

“தெரியல மேடம்.”

“எந்தப் பக்கம் போச்சு அது?”

அவர் யோசித்தார்.

“எந்தப் பக்கமும் போகல. அங்கேயே நின்னு பெருசாச்சு.”

நீலவேணி கூடையைச் சந்தியாகு கையில் கொடுத்தாள்.

“குருமாவை ஆரம்பிங்க.”

மறுநாள் காலை. திரை முழுக்கப் புள்ளிகள். குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. ஒன்று கப்பலின் மூக்கை உரசுகிற மாதிரி போனது. மருதாசலத்தின் கை மடியிலேயே இருந்தது.

பின்னால் நின்ற கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. “என்னய்யா, தூக்கமா?”

“இல்ல சார். இதெல்லாம் ஓடிட்டிருக்கு.”

“ஓடுதுல்ல? அடிய்யா.”

“நிக்கிறது வரட்டும் சார்.”

ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது. இடமும் விலகவில்லை, வலமும் விலகவில்லை. கிட்டே மட்டும் வந்தது.

அழுத்தினார்.

புள்ளி உடைந்தது. ஒத்திகை முடிந்தது. கப்பல் மிதந்தது. கேப்டன் குனிந்து பார்த்தார். ஏவுகணை ஏழு மிச்சம்.

“இதை யாருய்யா உனக்குச் சொன்னது?”

மருதாசலம் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“யாரும் சொல்லல சார். பட்டுச்சு.”