வெந்த எலும்பும் விட முடியாத வாயும்

ஓடைக்கரைக் காட்டில் செம்பட்டை என்றொரு நாய் இருந்தது. அதற்கு உலகத்தில் இரண்டுதான் உயிர். ஒன்று, தங்கை வெள்ளச்சி. இன்னொன்று, எலும்பு!

வெள்ளச்சி நான்கு குட்டி ஈன்றிருந்தது. ஈன்ற கையோடு காய்ச்சல் கண்டு, மடியில் பால் வற்றிப்போனது. குட்டிகள் கத்திக் கத்தி ஓய்ந்து கிடந்தன.

செம்பட்டை அத்திமரத்தடிக்கு ஓடியது. மரத்தின் மேல் ஒரு மந்தி இருந்தது. விவரமான குரங்கு.

"மந்தியக்கா! என் தங்கச்சி ஒரு துண்டு கறிகூட மெல்ல மாட்டேங்குறா. பிழைப்பாளா?"

"மெல்ல முடியாதவளுக்குக் கறி எதுக்குடா? எலும்புச் சாறு வைப்போம். போய் எலும்பு கொண்டு வா!"

சிறுத்தை தின்று மிச்சம் விட்ட மான்கால் எலும்புகளைச் செம்பட்டை இழுத்து வந்தது. ஆட்டுக்கிடை போட்டவர்கள் விட்டுப்போன மண்சட்டியும் தணலும் பக்கத்திலேயே கிடந்தன. மந்தி சட்டியில் எலும்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தணலை ஊதிவிட்டது.

"அக்கா, உப்பு? வெங்காயம்? கிடைக்காரங்க போடுவாங்களே!"

"வெங்காயம் உங்க இனத்துக்கு விஷம். உப்பும் ஆகாது. பேசாம உட்காரு!"

காலையில் வைத்த சட்டி பொழுது சாயும்வரை சிறுதீயில் கிடந்தது. காடே மணத்தது. செம்பட்டை எச்சில் ஒழுகச் சட்டியையே சுற்றி வந்தது. பாவம், தனக்கென்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

மந்தி சாற்றை வடித்தது. "ஆறினதும் அவளுக்குக் கொடு. இந்த எலும்பையெல்லாம் பள்ளத்துல போட்டுடு. சத்தெல்லாம் தண்ணிக்குள்ள இறங்கியாச்சு, இது வெறும் சக்கை. வெந்த எலும்பு சில்லுச் சில்லா உடையும், தொண்டையைக் கிழிச்சிடும்!"

"சரிக்கா, சரிக்கா!"

சரி என்று வாய்தான் சொன்னது. ஒரு நாயிடம் போய் எலும்பைத் தூக்கி எறி என்றால் நடக்கிற காரியமா? எலும்புகளைக் கவ்விக்கொண்டு பள்ளம்வரை போனது. குனிந்தது. வாயைத் திறக்க மனம் வரவில்லை. திரும்பி வந்து புதருக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தது. "தங்கச்சி எழுந்ததும் அவளுக்குத்தானே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

முதல் நாள் வெள்ளச்சி சாற்றை நக்கிப் பார்த்தது. மறுநாள் வழித்துக் குடித்தது. மூன்றாம் நாள் பால் சுரந்தது! குட்டிகள் முட்டி முட்டிக் குடிக்க, செம்பட்டைக்குத் தலைகால் புரியவில்லை. புதருக்கு ஓடிப்போய் ஓர் எலும்பைத் தோண்டி வந்தது.

"எனக்கா அண்ணே?"

"உனக்கேதான்! கடி!"

வெள்ளச்சி ஆசையாகக் கடித்தது. எலும்பு மளுக்கென்று நொறுங்கியது. அடுத்த நொடி வெள்ளச்சி இருமியது. மூச்சு விட முடியாமல் புரண்டது. வாயோரம் இரத்தம் வந்தது. மடியிலிருந்து குட்டிகள் சிதறி விழுந்தன.

"அக்கா! மந்தியக்கா!"

மந்தி ஒரே தாவலில் வந்தது. வெள்ளச்சியின் தொண்டைக்குள் கையை விட்டு, முள் போன்ற ஒரு சில்லை உருவி எடுத்தது. வெள்ளச்சிக்கு மெல்ல மூச்சு வந்தது.

"பள்ளத்துல போடச் சொன்னேனே, பாவி!"

வெள்ளச்சி கரகரத்த குரலில், "திட்டாதே அக்கா. அண்ணன் எனக்காகத்தானே வெச்சிருந்தது" என்றது.

செம்பட்டைக்கு அந்தச் சொல்தான் தாங்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டது.

"இல்ல தங்கச்சி. அந்த எலும்பை விட்டுட என்னால முடியல. அதுக்கு உன் பேரைச் சொல்லிக்கிட்டேன்."

பிறகு புதருக்குப் போய், மிச்சமிருந்த எலும்புகளையெல்லாம் தோண்டி எடுத்தது. ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குக் கொண்டுபோனது. இந்த முறை வாயைத் திறந்தது.

கைவிட வேண்டியதைக் கைவிட மனமில்லாமல், அதற்கு அன்பென்று பெயர் வைத்தால், அந்த அன்பே அன்புக்குரியவரின் உயிருக்கு உலை வைக்கும்.