ஏட்டையாவின் டவுட்

ரிட்டையர்டு ஏட்டு நாச்சிமுத்து யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார். பால்காரர் ஊற்றுகிற பாலை மோந்து பார்ப்பார். அறுபத்திரண்டு வயதில் ரெஜினா டீச்சரிடம் இங்கிலீஷ் படிக்கப் போனதுகூட, மாடிவீட்டுக்காரர்கள் இங்கிலீஷில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற நினைப்பில்தான். டீச்சருக்கு அவர் மகள் வயசு.

அன்றைக்கு வந்ததும் வராததுமாக, "நீங்க எனக்குச் சரியாத்தான் சொல்லிக்கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய சைக்கிளைக் காணோம். அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் மயில்சாமி மேல்தான் அவருக்குச் சந்தேகம். செக்ரட்டரிக்குத் தமிழ் தெரியாது. அதனால் சொந்தமாக ஒரு புகார் எழுதிக் கொடுத்திருந்தார்: 'ஐ டவுட் மயில்சாமி டுக் மை சைக்கிள்.'

செக்ரட்டரி அதைக் கூட்டத்தில் வாசித்தார். மயில்சாமியை வேலையை விட்டு நிறுத்தணும் என்று குதித்தவர்களெல்லாம் கப்சிப் ஆகிவிட்டார்கள். மறுநாள் மயில்சாமி பெண்டாட்டியோடு வந்து, நன்றி சொல்லி ஏட்டையா காலில் விழுந்தான்.

"செக்ரட்டரியும் அவனும் கூட்டுங்க. இல்லாட்டி புகார் கொடுத்தவன் கால்ல எவனாச்சும் விழுவானா?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். 'ஐ டவுட்' என்று எழுதினால் அப்படி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை என்று அர்த்தம் என்றார். மயில்சாமி எடுத்திருக்க மாட்டான் என்று ஒரு போலீஸ்காரரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அடப்பாவமே. முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஒருத்தனைக்கூட அவர் இப்படிக் காப்பாற்றியதில்லை.

அந்தச் சொல்லுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். லத்தீன் என்றார் டீச்சர். அங்கே இரண்டு என்ற சொல்லோடு உறவு. மனசு ரெண்டுபட்டு நிற்பதற்கு அந்தப் பேர். நடுவில் ஒரு 'பி' இருக்கும், வாயில் வராது.

"வாயில வராததுக்கு அங்க என்ன வேலை?" என்றார் ஏட்டு. அந்த 'பி' மேலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

தனக்கு வேண்டிய சொல் எது என்று கேட்டார். 'சஸ்பெக்ட்' என்றார் டீச்சர். அதுவும் லத்தீன்தான், கீழேயிருந்து ஏறிட்டுப் பார்ப்பது என்பது அதன் மூலம்.

நாச்சிமுத்துவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஸ்டேஷனில் காலமெல்லாம் அப்படித்தானே பார்த்தார்! உடனே பேனாவைத் திறந்து, புதுப் புகார் எழுதக் காகிதத்தை மடித்தார். இந்தத் தடவை மயில்சாமி தப்ப முடியாது.

"ஏனுங்க சார், அவர் எடுத்ததைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல. ஆனா அவன் முழியே சரியில்லீங்க."

"சரிங்க. சைக்கிள் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நாச்சிமுத்து பேனாவைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"'தெரியாது'ங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு நான் முதல் வகுப்புலயே சொல்லிக்கொடுத்தேனுங்க," என்றார் டீச்சர். "எட்டு மாசமா வர்றீங்க. ஒருநாள்கூட நீங்க அதைச் சொல்லி நான் கேட்டதில்லீங்க."