தங்கையை மறைத்து உட்கார்ந்த வெயிலாள்

மணலுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டு மணல்மேடுகள் எல்லாம் அக்கா தங்கைகளாக ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு கிடந்தார்கள். அவர்களுக்குத் தாய்மாமன் கச்சான் காற்று. ஆடி பிறந்தால் மேற்கே மலைக் கணவாய் வழியாகச் சீர் கொண்டுவருவார். சீர் என்றால் வேறென்ன, சிவந்த மணல்தான்.

மூத்தவள் வெயிலாள். அடுத்தவள் செம்மணி. ஓர் ஆடியில் மாமா செம்மணியின் முகட்டைத் தடவி, “பிறை மாதிரி வளைஞ்சு நிக்கியே தாயி! இந்தத் தேரியிலேயே நீதான் அழகு” என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த வெயிலாளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெயிலாளுக்கு வயிறு எரிந்தது. தங்கை முகட்டைப் பார்ப்பதும் தன் முகட்டைப் பார்ப்பதுமாகவே நாள் போயிற்று. ஐப்பசியில் கிழக்கேயிருந்து கொண்டல் காற்று வந்தபோது, தன்னை மேற்கே தள்ளிவிடச் சொல்லிக் கெஞ்சினாள். தங்கைக்கு நேர் முன்னால், மாமா வரும் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த ஆடியில் மாமா கொட்டியதெல்லாம் அவள் மடியிலேயே விழுந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் போனது வெறும் சுழல்காற்று. அது செம்மணியின் காலடி மணலையும் சுரண்டியது.

“எக்கா, கொஞ்சம் தள்ளி உக்காரேன். ஒரு பிடிகூட என்கிட்ட வரல.”

“இத்தனை வருசம் வாங்கினது போதாதாக்கும்?”

தங்கை தேய்வது வெயிலாளுக்கு இனித்தது.

மூன்று ஆடி கழிந்ததும் செம்மணி ஆளுயரத்துக்குத் தேய்ந்துவிட்டாள். ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கிழக்கே கிளம்பினாள். சின்ன உடம்பு, விறுவிறுவென்று போயிற்று. அக்காவின் மறைப்பைத் தாண்டியதும் மாமா கை நேராகப் பட்டது. மறுபடி வளர்ந்தாள்.

வெயிலாளுக்குப் பொறுக்கவில்லை. துரத்தினாள். இரண்டு பேர் மணலைத் தின்ற உடம்பு நகர்ந்தால்தானே! அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே மாமாவின் சீர் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால், கடைக்குட்டி இசக்கி அவளை மறித்து உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி, தள்ளு!”

“நீ செஞ்சதத்தான நானும் செய்யுதேன்?”

வெயிலாள் தேய்ந்தாள். தேயத் தேயக் கால் லேசாயிற்று. இசக்கியின் மறைப்பைத் தாண்டி, தங்கையை நோக்கியே ஓடினாள்.

“அங்கயே நில்லுக்கா!” என்று செம்மணி கத்தினாள். “இன்னும் கிட்ட வந்தா என்னை மறைச்சிருவ. அங்க நின்னா ரெண்டு பேருக்கும் மண்ணு விழும்.”

வெயிலாள் நின்றாள். மண் விழுந்தது. தங்கை உயரத்துக்கு வளர்ந்தாள். உயரம் ஒன்றானதும் நடையும் ஒன்றாயிற்று. அதன்பின் அவளால் நெருங்கவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. ஆற்றாமை மட்டும் தீரவில்லை. இதைப் பார்த்த மற்றவர்களும் ஒருத்திக்கு ஒருத்தி பயந்து அதே அளவு தள்ளி உட்கார்ந்தார்கள்.

அந்த ஆடி முதல்தான் மணல்மேடுகள் ஒட்டி உட்காராமல், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் வரிசை வரிசையாக நிற்கின்றன, அடுத்தவளுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்த்தபடியே.