நான்கு மரக்கால் மழை

முன்னொரு காலத்தில், மழை என்றால் உயிரை விடும் ராஜா ஒருவர் இருந்தார். உப்பரிகையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மழை ஏன் கசக்கப்போகிறது?

அவர் சபையில் வேம்பன் என்று ஒரு விகடன். பிறந்தது கீழைத் தெருவில், நெசவாளர் வீட்டில். அங்கே தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். முன்பெல்லாம் ஊர்த் தண்ணீர் ஓடை வழியாக ஆற்றுக்குப் போய்விடும். மந்திரி விழுப்பரையர் அரண்மனைத் தோட்டத்தைப் பெரிதாக்குகிறேன் என்று ஓடையைத் தூர்த்து, மதிலோரம் கருங்கல்லில் ஒரு கரையும் கட்டினார். தண்ணீர் அத்தனையும் கீழைத் தெருவுக்குத் திரும்பியது. போன மழையில் வேம்பனின் அக்காள் செங்கமலத்தின் புருஷன் தறிக்குழியிலேயே செத்துக் கிடந்தான். ஒரு கால் விளங்காதவன், வெள்ளம் புகுந்தபோது ஏறி வர முடியவில்லை. இதைச் சபையில் சொல்லிச் சொல்லி வேம்பனுக்குத் தொண்டை வற்றிப்போயிற்று.

"அப்படிப்பட்ட வெள்ளம் தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும், அரசே," என்றார் மந்திரி.

"அப்படியானால் எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஒரு தலைமுறை கழிகிறது போலும்," என்றான் வேம்பன்.

சபை சிரித்தது. மந்திரிக்கு வயிறு எரிந்தது. "வாய்ப்பேச்சு எதற்கு? நகரத்து மழைநீரை இவன் அளந்து காட்டட்டும்," என்றார். ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. அந்த நாட்டில் மழையையும் நெல்லைப் போல மரக்கால் கணக்கில்தான் சொல்வார்கள்.

"வேம்பா, அடுத்த பெருமழையில் தெருக்களில் ஓடும் நீர் எத்தனை மரக்கால் என்று நம் கண்முன்னே அளந்து காட்ட வேண்டும். காட்டினால் கேட்டது தருவோம். தவறினால் இந்நகரில் உனக்கு இடமில்லை."

"தங்கள் கண்முன்னேதானே, அரசே? உத்தரவு."

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. சபை கூடியிருந்த நேரம், கீழைத் தெருக்காரர்கள் கடப்பாரையோடு வந்து கருங்கல் கரையை உடைத்தார்கள். தடுத்த காவலரிடம், ராஜாவின் கண்முன்னே தண்ணீரைக் கொண்டுபோகிறோம், அவர் உத்தரவுதான் என்றார்கள். தண்ணீர் தோட்டத்தைக் கடந்து, படியேறி, சபைக்குள் வந்தது. மந்திரி பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூணோரம் ஒதுங்கினார். ராஜா காலை மடக்கி அரியணைமேல் வைத்துக்கொண்டார்.

"என்ன இது, வேம்பா? எத்தனை மரக்கால்?"

வேம்பன் தண்ணீரில் குனிந்து அரியணையின் அடியைத் தடவிப் பார்த்தான். "நான்கு மரக்கால், அரசே. அரியணைக்கு மரத்தாலான கால்கள் நான்கு. நான்கும் முழுகிவிட்டன."

ராஜா சிரித்தார். கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தார். "என்ன வேண்டும், கேள்."

"உடைந்த கரை உடைந்தபடியே இருக்கட்டும். ஓடையைத் திறந்துவிடுங்கள்." அன்றைக்கு வேம்பன் அதோடு வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை.

ராஜா அதற்கும் சிரித்தார். "நம் கால் நனைய வேண்டும் என்றா கேட்பாய்? வேறு ஏதாவது கேள்," என்றவர், அவன் கேட்கும்வரை காத்திராமல் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கரையை உடனே அடைக்கச் சொன்னார், இன்னும் ஓர் ஆள் உயரம் கூட்டி. மந்திரிக்கு முகத்தில் களை வந்தது.

ராஜா சிரித்தாயிற்று, பரிசும் கொடுத்தாயிற்று என்று நாம் எழுந்து போகலாம். வேம்பன் போக வேண்டியது கீழைத் தெருவுக்கு.

அங்கே இடுப்பளவு தண்ணீர். செங்கமலம் இருட்டு வீட்டுக்குள் தறிமரத்தை ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராசா விழுந்து விழுந்து சிரிச்சாராமே. அப்படி என்னடா சொன்ன?"

வேம்பன் சொன்னான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, ஓடை?" என்றாள்.

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"அந்த முனையப் பிடி," என்றாள் அக்காள். "பாத்துக் கால வை. குழி எங்க இருக்குன்னு தெரியல."